வாயால் எழுதும் பரீட்சை

பரீட்சை முடிகிறவரைக்கும் இந்த வீட்டுக்குள் ஓர் ஈ கூட விருந்தாளியாக வரக்கூடாது என்று வெண்டல் ஓஸ்ட்பி அறிவித்தான். ஈ என்று அவன் சொன்னது மாமியாரை.

ஆர்லின் அம்மாள் வந்தால் டிவி ரிமோட் கைமாறிவிடும். ஹாக்கி போய் கேக் போட்டி வந்துவிடும். அதனால், "அம்மா பத்தி ஒரு விஷயம்..." என்று மனைவி கொரின் வாயைத் திறந்ததுமே, "பரீட்சைக்கு அப்புறம்!" என்று கையைக் காட்டிவிட்டான். என்ன விஷயம் என்று கேட்கவே இல்லை. புத்தகங்களோடு வீட்டின் நிலவறைக்குள் இறங்கிவிட்டான். சாப்பாடும் அங்கேயே, தூக்கமும் அங்கேயே.

பரீட்சை என்னவோ நிஜம். வெண்டல் டுலூத் நகர ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர். வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்கும் தேர்வாளரே நோயாளியாக முனகுவார், நர்ஸாக ஓடுவார், உறவுக்காரராக அழுவார். நாம் கேட்டால்தான் சொல்வார். நம் வாயிலிருந்து வந்ததுதான் தீர்ப்பு. போன தடவை வெண்டல் நோயாளியை அருமையாகப் பிழைக்கவைத்தான். பிறகு எங்கே அனுப்புவது என்று சொல்ல மறந்தான். பெயில். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் வேலை நிலைக்காது.

அதனால் பயிற்சி கொடுக்க கொரின் கேள்விப் புத்தகத்தோடு தேர்வாளராக வந்து உட்கார்ந்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுப்பவள். முனகல் தத்ரூபமாக வரும்.

"எழுபத்தோரு வயசு அம்மா. பனியில வழுக்கி விழுந்துட்டாங்க. ஆரம்பிங்க, டாக்டர்."

"மூச்சு?"

"சீரா இருக்கு."

"நாடி, ரத்த அழுத்தம்?"

"சரியா இருக்கு. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"அதுக்கு மருந்து கிடையாது. தலையில அடி?"

"இல்ல. இடுப்புலதான்... ஐயோ, தொடாதீங்க டாக்டர்!"

"எக்ஸ்ரே எடுங்க."

"எலும்பு முறியல."

"வலிக்கு மருந்து கொடுத்து நடக்கவெச்சுப் பாருங்க."

"வாக்கரைப் பிடிச்சுத் தட்டுத் தடுமாறி நடக்கறாங்க. வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

வெண்டல் சிரித்தான். இந்தப் பள்ளத்தில்தானே போன தடவை விழுந்தான்! "வீட்டுல துணைக்கு யார் இருக்கா?"

"அடடா, கேட்டுட்டீங்களே! யாருமில்ல. படியேறிப் போகணும் வேற."

"தனியா அனுப்பவே கூடாது. சொந்தக்காரங்க?"

"ஒரே மகள். ஆனா மருமகன் ஒத்துக்கமாட்டார் போல. ஏதோ முக்கியமான வேலையாம்."

டாக்டருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "கூப்பிடுங்க அந்த ஆளை! பெத்தவ வலியில துடிக்கறா, துரைக்கு வேலையாம்! இந்தம்மா நல்லா நடக்கற வரைக்கும் மகள் வீட்டுலதான் இருக்கணும்."

"இதுதான் முடிவா, டாக்டர்?"

"முடிவு."

"அப்புறம் மாத்தமாட்டீங்களே?"

"பரீட்சையில சொன்னது சொன்னதுதான்."

கொரின் புத்தகத்தை மடியில் சாய்த்தாள். திறந்திருந்த பக்கத்தில் பாம்புக்கடி என்று போட்டிருந்தது.

வெண்டல் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "கொரின்... அந்தம்மாவுக்கு எந்த ஊரு?"

"இதை முதல்லயே கேட்டிருக்கணும், டாக்டர். பெமிட்ஜி."

பெமிட்ஜி மாமியாரின் ஊர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது வாய்மொழித் தேர்வு வேறு. விழுந்தது நிஜம் என்றால் வலியும் நிஜம். மறுக்க மனசும் வரவில்லை, வழியும் தெரியவில்லை.

"சரி, வரட்டும். என்னிக்கு வர்றாங்க? அதுக்குள்ள நான் கொஞ்சம் படிச்சு..."

"மேல நம்ம ஹால்லயே அட்மிஷன் முந்தாநாளே ஆயிடுச்சு, டாக்டர். உங்க கையெழுத்துதான் பாக்கி."