புடவைக்கடை மேல்சபை

நாட்டின் மேல்சபை டெல்லியில் இருப்பதாகத்தான் நீங்களும் நம்பிக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரிந்து அது காஞ்சிபுரத்தில், நான் பில் போடும் பட்டுப்புடவைக் கடையில், மெத்தை விரிப்பின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

கடையின் மூத்த விற்பனையாளரை எல்லோரும் 'மேல்சபை' என்றுதான் கூப்பிடுவோம். இளமையில் அரசுத் தேர்வை ஏழு முறை எழுதி, ஏழு முறையும் கோட்டைவிட்டவர். படித்ததில் மாநிலங்களவைப் பாடம் மட்டும் மண்டையில் ஒட்டிக்கொண்டது. அரசியல் சட்டம் எழுதியவர்களில் சிலர் இரண்டாவது சபை வீண் தாமதம் என்றதையும், அவசரத்தில் போட்ட சட்டத்தை ஆற அமர இன்னொரு முறை பார்க்க ஆள் வேண்டும் என்று மற்றவர்கள் மடக்கியதையும், கூடவே இருந்து காபி ஆற்றிக் கொடுத்தவர் போலச் சொல்வார்.

"தறியில நெய்யறவரு ஒருத்தரு. தறியிலேர்ந்து அறுத்த பொடவைய விரிச்சுப் பாக்கறவரு வேற ஒருத்தரு. அதாம்பா டிசைனு" என்பார்.

சொல்வதோடு விட்டாரா? கல்யாணக் கூட்டம் வந்தால், கூச்சல் போட்டுப் புடவை எடுப்பவர்கள் மக்களவை. அவர்கள் எடுத்ததை உடனே பில்லுக்கு அனுப்பமாட்டார். குடும்பத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அவருக்கு மேல்சபைக்கு வேண்டிய முப்பது வயது ஆகிவிட்டதா என்று விசாரித்து, தனியே உட்காரவைத்து மறுபடியும் பிரித்துக் காட்டுவார். அவர்கள் விலையைப் பற்றிப் பேசினால், அது பண மசோதா, யோசனை சொல்லலாம், தடுக்க முடியாது என்று அடக்கிவிடுவார். ஒரு பெண்ணின் தாய்மாமனை, இருபத்தொன்பது வயதுதான் என்று வெளியே நிறுத்திவிட்டார். முதலாளி தலையிலடித்துக்கொள்வார். ஆனாலும் மேல்சபை விற்ற புடவை மாற்றித் தரச் சொல்லித் திரும்பி வந்ததே கிடையாது. அதனால் பொறுத்துக்கொண்டார்.

என் கல்யாணப் புடவையும் எங்கள் கடையில்தான். அரக்குச் சிவப்பா, மாம்பழ மஞ்சளா என்று அடிதடி நடந்துகொண்டிருக்கும்போதே, மாப்பிள்ளையின் அத்தை, கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போக வேண்டாம் என்று போகிறபோக்கில் சொன்னார். என் அப்பா உட்பட எல்லாத் தலையும் ஆடியது. மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் பெண் நான்.

மேல்சபை மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தார்.

"கீழ பாஸ் ஆயிடுச்சும்மா. மேல இன்னும் வரல."

புடவை எடுக்க வந்தோமா, பார்லிமெண்டுக்கு வந்தோமா என்று அத்தை கேட்டார். அவர் அசரவில்லை. டெல்லியில் விஷயம் தெரிந்த பன்னிரண்டு பேரைக் குடியரசுத் தலைவர் ஓட்டே இல்லாமல் நியமிப்பார், இந்தச் சபைக்கு ஒருவர் போதும் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு செல்வி."

"எனக்கு இருபத்தாறுதான் ஆவுது, அண்ணா."

அவர் புடவையை ஓரமாகத் தள்ளிவைத்தார். "பரவாயில்ல. சொல்லு."

"நான் வேலைக்கு வருவேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மாப்பிள்ளை மின்விசிறியிலிருந்து இறங்கி வந்து, "வரட்டுமே, அத்தை" என்றார்.

மேல்சபையைக் கலைக்கவே முடியாது, ஆட்கள்தான் ஓய்வு பெறுவார்கள் என்று அடிக்கடி சொல்வார். போன பங்குனியில் அவரும் ஓய்வு பெற்றார். நான் இன்னும் அதே பில் மேஜையில் இருக்கிறேன். அந்தத் தாய்மாமனுக்கு ஒரு வயதைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன், எனக்காக நாலு வயதை விட்டுக்கொடுத்தார்.