நூற்றுக்கு அறுபத்தொன்று

பிரிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. சண்டை பிரிப்பவர் அல்ல. அவராவது ஊருக்கு உதவுவார். இங்கே சொல்ல வந்தது மனிதர்களைத் தரம் தரமாகப் பிரிப்பவரை. கல்யாணப் பந்தியில் சாம்பார் வருவதற்குள் எதிர்வரிசைக்காரர்களைச் சம்பளவாரியாக அடுக்கிவிடுவார். அரியாங்குப்பம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களிலேயே கம்பியைப் பிடித்து நிற்பவர், பிடிக்காமல் நிற்பவர் என்று இரண்டு ரகம் காண்பார். தம்மிடம் இருப்பது மூன்றே சட்டை என்றாலும் ஒன்று உயர்தரம், ஒன்று நடுத்தரம், மூன்றாவது மழைநாளுக்கு. அடையாளம் வேண்டுமா? சட்டைப்பையில் ஆறங்குல ஸ்கேல் இருக்கும். எந்த நேரத்தில் எங்கே கோடு கிழிக்க வேண்டிவருமோ, யார் கண்டது?

தெய்வசிகாமணி, பி.ஏ., இந்த இனத்தில் அப்பழுக்கற்ற மாதிரி. புதுச்சேரி முதலியார்பேட்டையில் அவர் தெருவில் முதல் பட்டதாரி. அவர் வம்சத்திலும் முதல். அப்பா மில்லில் தறி ஓட்டினார், அம்மா அஞ்சலாட்சி அதே மில்லில் நூல் சுற்றினாள், மகன் சிதம்பரம் போய் மூன்றாம் வகுப்பில் தேறி வந்தார். அந்த 'மூன்றாம்' என்ற சொல் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி. நடக்கும்போதெல்லாம் உறுத்தும். யாராவது "பி.ஏ.வா? என்ன கிளாஸ்?" என்று கேட்டால் அவருக்குத் திடீரென்று இருமல் வரும்.

இப்படிப்பட்டவரிடம் போய்த் தெருப் படிப்பகத்துக்காரர்கள் வருஷாவருஷம் ஒரு சனி, ஞாயிறில் நடத்தும் சதுரங்கப் போட்டியை ஒப்படைத்தார்கள்.

அதுவரை அந்தப் போட்டி நடந்த விதம் எளிமையானது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பட்டியல். சீட்டுக் குலுக்குவார்கள், எதிரே யார் வருகிறாரோ அவரோடு ஆட வேண்டியது. தோற்றவர் டீ குடிக்கப் போவார். தெய்வசிகாமணிக்கு இது அநாகரிகமாகப் பட்டது. "வல்லவனும் புதியவனும் ஒரே பட்டியலிலா? உலகத்தில் எங்கேயாவது உண்டா?" என்று கேட்டார். உலகத்தில் எங்கே என்ன உண்டு என்று படிப்பகத்தில் யாருக்கும் தெரியாததால் எல்லோரும் தலையசைத்தார்கள்.

வாசலில் அறிவிப்புத் தொங்கியது. ஆட்டக்காரர்கள் மதிப்பெண்படி முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பிரிக்கப்படுவார்கள். மேல் வகுப்பில் வெல்பவர் அடுத்த ஞாயிறு கடலூர்க்காரர்களோடு நடக்கும் பந்தயத்தில் நம் ஊருக்காக முதல் பலகையில் உட்காருவார். வகுப்பு என்ற சொல்லின்மேல் மட்டும் பேனாவை இரண்டு தடவை ஓட்டித் தடிப்பாக்கினாராம். 'பிரிவு' என்று எழுதியிருக்கலாமே? அதெப்படி? பிரிவில் முதலாவதாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

மதிப்பெண்ணுக்கு எங்கே போவது? பழைய ஆட்டக்காரர்களுக்குக் கவலையில்லை. முன்பு படிப்பகத்தை நடத்தி வந்த முசே ராமலிங்கம் பிரெஞ்சுப் பள்ளி வாத்தியார். அதனால்தான் ஊருக்கு அவர் 'முசே', பிரெஞ்சில் ஐயா. சைகோனில் இருக்கும் மகனிடம் போகக் கப்பலேறும்முன், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் மதிப்பெண் போட்ட நோட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். புதியவர்களை, அதாவது தபாலாபீஸ் ஜானகிராமன் போன்ற படித்த இளைஞர்களை, தெய்வசிகாமணியே சதுரங்கத்தின் சரித்திரத்தைப் பற்றிக் கேள்வித்தாள் தயாரித்து நூறு மதிப்பெண்ணுக்குச் சோதித்தார். அறுபதும் அதற்கு மேலும் முதல் வகுப்பு. முப்பத்தைந்துக்குக் கீழே மூன்றாம் வகுப்பு. இடையில் இருப்பது இடையில்.

தம்மையும் அவர் விட்டுவிடவில்லை. தனியறையில் உட்கார்ந்து கேள்வித்தாளுக்குத் தாமே பதில் எழுதி, தாமே திருத்தி, அறுபத்தொன்று போட்டுக்கொண்டார். அறுபது போட்டால் ஊர் சந்தேகப்படுமல்லவா?

பிறகு முசேயின் நோட்டைத் திறந்தார். திடுக்கிட்டார். தறிக்கார கோவிந்தராசு: 16. வேம்பு: 14. முருகையன்: 13. மற்றவர்கள் அதற்கும் கீழே. இருபது வருஷம் ஆடி நூற்றுக்குப் பதினாறா! 'பாவம், படிக்காத ஜனங்கள். முசே ரொம்பக் கண்டிப்பு' என்று மனம் இளகினார். பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரையும் மூன்றாம் வகுப்பில் போட்டு, அவர்களுக்கு ஜன்னலோரமாகக் காற்று வரும் மேசைகளை ஒதுக்கினார். பிரிப்பவர் இரக்கமில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது.

கோவிந்தராசு பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, எங்கள எல்லாம் மூணாம் வகுப்புல போட்டிருக்கியா?"

தெய்வசிகாமணி தொண்டையைச் செருமினார். "வருத்தப்படாதீங்க அண்ணே. இது ஒரு ஒழுங்குக்காக..."

"வருத்தமா? நல்லா ஆடுறவன எல்லாம் ஒரே இடத்துல சேத்துட்டியே. முசேவுக்குக்கூட இது தோணலயே!"

'நல்லா ஆடுறவன்' என்று கோவிந்தராசு தங்களையே சொல்லிக்கொண்டதைத் தெய்வசிகாமணி பெருந்தன்மையோடு மன்னித்தார்.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்கியது. முதல் வகுப்பில் ஐந்து பேர். தெய்வசிகாமணி முதல் ஆட்டத்தில் வென்றார். இரண்டாவதிலும் வென்றார். மூன்றாவதில் எதிரி தம்முடைய குதிரையை எப்படி நகர்த்துவது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு தோற்றார். ஆனால் சுற்றிலும் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. கூட்டமெல்லாம் ஜன்னலோரம் மூன்றாம் வகுப்பு மேசைகளை மொய்த்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து அடிக்கடி "எஷெக்!" என்று குரல் எழும், ராஜாவுக்குக் குறி வைத்தால் பழைய ஆட்கள் இன்னும் பிரெஞ்சில்தான் எச்சரிப்பார்கள். உடனே "அடேயப்பா!" என்று கூட்டம் மூச்சு விடும்.

"அங்க என்ன வேடிக்கை?" என்றார் தெய்வசிகாமணி.

"காத்து வருதில்ல சார்" என்றார் ஜானகிராமன்.

ஞாயிறு மதியம் கடைசி ஆட்டத்துக்கு முன் முடிவுகளைப் பதிய முசேயின் நோட்டை எடுத்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் முசே தமக்கும் மதிப்பெண் போட்டிருந்தார்: 17. அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'எல்லாம் இருபதுக்கு.'

பிரெஞ்சுப் பள்ளியில் மதிப்பெண் இருபதுக்குத்தான் என்பது புதுச்சேரியில் பால்காரருக்குக்கூடத் தெரியும். அதை மறக்க ஒருவர் சிதம்பரம் போய்ப் பட்டம் வாங்கி வர வேண்டும். தெய்வசிகாமணி காகிதத்தில் கணக்குப் போட்டார். கோவிந்தராசு நூற்றுக்கு எண்பது. வேம்பு எழுபது. முருகையன் அறுபத்தைந்து. அறுபத்தொன்று? அது அவரே அவருக்குப் போட்டது.

எழுந்து உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் முதல் வகுப்பு போய்விடும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு சனி, ஞாயிறு மட்டும் கிடைத்த முதல் வகுப்பு. கடலூரில் முதல் பலகையும் போய்விடும். சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியப்போவதில்லை. 'ஆட்டத்தை முடித்துவிட்டுச் சொல்லலாம். பாதியில் சொன்னால் போட்டியின் ஒழுங்கு கெடும்' என்று முடிவு செய்தார். ஒழுங்கின்மேல் அவருக்கு அவ்வளவு பக்தி. ஜானகிராமன் பதினோராவது நகர்த்தலில் ராணியைத் தட்டில் வைத்து நீட்டாத குறையாகக் கொடுத்தார். தெய்வசிகாமணி வென்றார். மனசாட்சி வெளியே காத்திருந்தது.

பரிசளிப்பு வேளையில் அது உள்ளே வந்துவிட்டது. அவர் எழுந்தார்.

"நண்பர்களே, ஒரு பெரிய தவறு நடந்துவிட்டது. முசேயின் மதிப்பெண்கள் இருபதுக்கு. நான் நூற்றுக்கு என்று நினைத்து வகுப்பு பிரித்துவிட்டேன். ஆகவே மேல் வகுப்பில் வென்றவன் என்ற முறையில் எனக்குக் கிடைத்த கடலூர் வாய்ப்பை..."

"யாருக்குக் கெடைச்ச வாய்ப்ப?" என்றார் வேம்பு.

"எனக்கு."

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோவிந்தராசுதான் மெதுவாகக் கேட்டார்.

"நீ ஒண்ணாம் வகுப்புலதான தம்பி ஆடின?"

"ஆமாம். அதுதானே மேல் வகுப்பு!"

"ஒண்ணாம் வகுப்பு எப்பிடிப்பா மேல் வகுப்பாவும்? புள்ளைங்க ஒண்ணுல சேருது, ரெண்டுக்குப் போவுது, அப்புறம்தான மூணு? புதுசா கத்துக்குறவங்க ஒண்ணு, பழையவங்க மூணுன்னு நீதான எழுதிப் போட்ட? எல்லாம் சரியாத்தான இருக்குது! கடலூருக்கு நான் லீவுகூட சொல்லிட்டேன்."

தெய்வசிகாமணி மெல்ல உட்கார்ந்தார். தியாகம் செய்யலாம் என்றுதான் எழுந்தார். தியாகம் செய்வதற்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே!

பரிசுகளைக் கடையில் வாங்கி வந்தவர் முருகையன். மூன்றாம் வகுப்புக்கு வெள்ளிமுலாம் பூசிய கோப்பை, அது கோவிந்தராசுக்கு. ஒன்றாம் வகுப்புக்கு ஒரு கோடு போட்ட நோட்டும், நுனியில் ரப்பர் வைத்த பென்சிலும்.

"நல்லா கத்துக்க தம்பி" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார் முருகையன். "வர்ற வருசம் ரெண்டாம் வகுப்பு."

வீட்டில் அஞ்சலாட்சி நோட்டையும் பென்சிலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாடா இது?"

"முதல் வகுப்பில் முதல் பரிசும்மா."

அம்மாவின் முகம் தொங்கிப்போனது. "ஒண்ணாங்கிளாசுலயா? பி.ஏ.வுல மூணாங்கிளாசு வரைக்கும் போனவன்டா நீ! மில்லு முழுக்க சொல்லி வெச்சிருக்கேன். எம் புள்ள ஒண்ணு, ரெண்டுலேயே நின்னுடல, மூணாங்கிளாசுல தேறினவன்னு. இப்ப திரும்பி ஒண்ணுக்கு வந்துட்டியே!"

நான்கு வருஷமாக இருமிக்கொண்டிருந்தவருக்கு அன்று முதல் தடவையாக இருமல் வரவில்லை. சிரிப்பு வந்தது. அம்மா அதற்கும் கோபித்துக்கொண்டாள்.

திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். அந்தப் பரிசு நோட்டைப் போய்ப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து மூன்று பத்திகள் போட்டிருக்கிறார்: என் தவற்றைக் கண்டு சிரித்தவர்கள், சிரிக்காதவர்கள், இன்னும் கேள்விப்படாதவர்கள்.

மூன்றாவது பத்தியில் இருந்த உங்கள் பெயரை இப்போது முதல் பத்திக்கு மாற்ற வேண்டியிருக்கும். அது இருக்கட்டும். பந்தி, பஸ், சட்டை என்று படித்து வந்தபோது உங்களுக்குத் தெரிந்த நாலைந்து பேர் நினைவுக்கு வந்திருப்பார்களே; அவர்களில் யார் தெய்வசிகாமணியைவிட மோசம், யார் பரவாயில்லை என்று மனத்துக்குள் ஒரு பட்டியல் ஓடியிருக்குமே. ஓடியதா? சட்டைப்பையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். ஆறங்குலத்துக்கு ஏதாவது தட்டுப்படும்.