அரைச்சாண் பதித்த வான்

நிறத்தைப் பார்த்து வாகனம் வாங்கியவர்கள் கனடாவின் ஸ்காபரோவில் எத்தனையோ பேர். விரலை விரித்து, சாண் போட்டுப் பார்த்து வான் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் அரைச்சாண் அண்ணைதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் அவரும் ரொட்டி சுடும் ஒரே பாண் தொழிற்சாலையில் வேலை செய்தோம். எதையும் அவர் சாணால்தான் அளப்பார். பனி இத்தனை சென்ரிமீற்றர் என்று ரேடியோ சொன்னால் நம்பமாட்டார். கையுறையைக் கழற்றி, வெறுங்கையைப் பனிக்குள் விட்டு, "முக்கால் சாண்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, விறைத்த கையை அன்று முழுவதும் ஊதிக்கொண்டு திரிவார்.

நீளம் அகலம் எல்லாம் அளந்தவர் படியை அளக்க மறந்துவிட்டார்; வான் வாங்கிய மறுநாளே அவருக்குக் குறை வந்துவிட்டது.

"படி இரண்டு சாண் உயரம். வானை அரைச்சாண் கீழை பதிக்க வேணும்."

"ஏன் அண்ணை?"

"என்ரை மனிசி ஒண்டரைச் சாண்தான் ஏறுவா."

அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார். ஷெல் விழுந்ததில் அவருக்கு வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது, செயற்கைக்கால்தான். ஒருநாள் பஸ்ஸில் ஏற முடியாமல் நின்றவரை, கண்டக்டர் எல்லோருக்கும் முன்னால் மூட்டையைப்போலத் தூக்கி உள்ளே வைத்திருக்கிறான். "இனி ஒருத்தரும் என்னைத் தூக்கக்கூடாது" என்று அக்கா ரெலிபோனில் அழுதாராம். அன்றிலிருந்து அண்ணைக்கு வேறு யோசனையே இல்லை.

"ஒரு ஸ்டூல் வையுங்கோவன், அண்ணை."

"ஐஸிலை ஸ்டூல் வழுக்கினால் நீர் வந்து பிடிப்பீரோ?"

"சரி, ஒண்டரைச் சாண் எண்டது அக்கான்ரை சாணோ, உங்கடை சாணோ?"

நான் பகிடிக்குத்தான் கேட்டேன். மனிதர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்று கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே, அக்கா ஏறக்கூடிய உயரத்துக்கு அளந்து வெட்டிய நூல். அது சரியாக அண்ணையின் ஒன்றரைச் சாண் இருந்தது. அந்த மகிழ்ச்சியில் எங்கள் எல்லோருக்கும் ரீ வாங்கித் தந்தார்.

பிறகு தெரிந்த ஒருவரைப் பிடித்து, வானின் ஸ்பிறிங்குகளை இரும்பறுக்கும் வாளால் அறுத்துப் பதித்தார். பதிந்ததுதான், ஆனால் வீதியில் சின்ன மேடு வந்தாலும் அடிப்பாகம் தேய்ந்தது. மேட்டுக்கு மேடு அவர் வானை நிறுத்துவார். அவரோடு வேலைக்குப் போகும் நாங்கள் ஐந்து பேரும் இறங்கி, மேட்டைக் கால்நடையாகக் கடந்து, அந்தப் பக்கம் மறுபடி ஏறுவோம்.

ஒருநாள் காலை பொலிஸ் மறித்தது. பதிந்த வண்டிக்குள் இளம் பெடியங்களை எதிர்பார்த்து வந்த பொலிஸ்காரர், தலையில் வலைத்தொப்பியோடு குந்தியிருந்த எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"றேஸுக்கா போகிறீர்கள்?"

"இல்லை, பாண் சுட" என்றேன்.

சிரித்துக்கொண்டே குனிந்து வானின் அடியைப் பார்த்தவர், நிமிரும்போது சிரிக்கவில்லை. நம்பர் தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். லைசென்ஸ் உள்ள கராஜ் ஒன்று வானைத் திருத்தி, வீதியில் ஓடலாம் என்று கையெழுத்து வைக்கும்வரை அது ஓடக்கூடாது.

அதே கிழமை அக்காவுக்கு விசா வந்தது. இரண்டு மாதத்தில் வருகிறார்.

போன கராஜ் எல்லாம் ஒரே பதில்: பழைய உயரத்துக்கே உயர்த்து, உடனே கையெழுத்து வைக்கிறோம். அண்ணை மாட்டேன் என்றார். கடைசியில் ஒஷாவாவில் ஒரு நரைத்த வெள்ளைக்கார மெக்கானிக்கிடம் வானை இழுத்துக்கொண்டு போனோம். நான் மொழிபெயர்த்தேன். அவர் நூலை வாங்கி, மேசையில் நீட்டி, இரண்டு தரம் அளந்தார். பிறகு அறுத்த ஸ்பிறிங்கைக் காட்டினார்.

"பெரிய குழியில் விழுந்தால் இது கழன்றுவிடும். உன் மனைவி உள்ளே இருந்திருந்தால்…" என்று நிறுத்திவிட்டார்.

அதை எப்படித் தமிழில் சொல்வது என்று நான் யோசித்தேன். அண்ணைக்கு விளங்கிவிட்டது. திரும்பி வரும்போது ரயிலில் அவர் பேசிய வார்த்தை ஒன்றுதான்: "நான் அவவைக் கொல்லப் பாத்திருக்கிறன் தம்பி."

மெக்கானிக் முறையான குட்டை ஸ்பிறிங்கும் அதற்கேற்ற, குலுக்கம் தாங்கும் ஷொக்கும் போட்டார். முதல் சோதனையில், முழுதாகத் திருப்பினால் ரயர் உரசியது. இரண்டாவதில் ஹெட்லைற் நிலத்தைப் பார்த்தது. மூன்றாம் தரம் கையெழுத்து விழுந்தது. அண்ணை அந்தத் தாளை எட்டுப் பிரதி எடுத்தார். ஒன்றை எனக்கும் தந்தார். நான் என்ன செய்ய என்று கேட்டால், "வைச்சிரும், உதவும்" என்றார்.

விமான நிலையத்தில் நாங்கள் இரண்டு பேர் அக்காவை ஏற்றிவிடக் கையை நீட்டிக்கொண்டு போனோம். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார். கதவைப் பிடித்து, நல்ல காலை வைத்து, மற்றக் காலை இழுத்து, தானாகவே ஏறி சீற்றில் இருந்தார். அண்ணை தன் பக்கக் கதவைத் திறக்காமல் வெளியே குளிரில் நெடுநேரம் நின்றார்.

ஏழு வருடம் பிரிந்திருந்தவர்களுக்குக் கிடைத்தது நாலு மாதம். பங்குனியில் ஒருநாள், தொழிற்சாலையில் ரீ குடிக்கிற நேரம், கோதுமை மாச்சாக்கில் சாய்ந்திருந்த அண்ணை எழும்பவில்லை. இதயம் என்றார்கள்.

செத்தவீடு முடிந்து, அதே வானில் அக்காவை நான்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பாதி வழியில் அவர் கேட்டார்.

"தம்பி, நான் வாறதுக்கு முதல் இவர் இஞ்சை எப்பிடி இருந்தவர்?"

"எங்களை ஒவ்வொரு நாளும் சிரிக்க வைச்சவர் அக்கா."

"அப்பிடியோ?" அன்று முதல்முறையாக அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "என்னோடை ஒரு பகிடியும் விட்டதில்லை, பாருங்கோ."

எங்களோடும் அவர் ஒரு பகிடி விட்டதில்லை. நாங்கள்தான் அவரைப் பார்த்துச் சிரித்தோம். அதை அக்காவிடம் இன்னும் நான் சொல்லவில்லை. அப்படி ஒரு மனிதர் என்னை நேசித்திருந்தால், நான் எவ்வளவு நிமிர்ந்து நடந்திருப்பேன் என்பதையும் சொல்லவில்லை.