கம்பி நீட்டியது மெஷின்தான், நான் அல்ல

கோட்டுச்சேரி,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்கு முன்.

ஷார்ஜாவில் வசிப்பவரும், கோட்டுச்சேரி வெல்டிங் பட்டறையின் உரிமையாளரும், என்னை வாட்ஸப்பில் பிளாக் செய்திருப்பவருமான மரியாதைக்குரிய முகைதீன் பிச்சை மாமா அவர்களுக்கு, தங்கள் தங்கை ஷரீபுன்னிசாவின் ஒரே மகன் இஃபாத், வயது பதினேழு, எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உம்மா, வெல்டிங் மெஷின் மூவரும் அல்லாஹ் கிருபையால் சுகம். அங்கே தங்கள் சர்க்கரையும் பிரஷரும் இறங்கி, அவற்றின் பின்னாலேயே தங்கள் கோபமும் இறங்க துஆ செய்கிறேன்.

முதற்கண் ஒரு முக்கிய அறிவிப்பு. சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, நமது பட்டறையில், யாரும் கேட்காமலேயே ஒன்றரை மீட்டர் கம்பி வெளியே வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பொருட்சேதம், வெல்டர் சிவக்குமார் அண்ணனின் லுங்கியில் பட்டாணி அளவு ஓட்டை ஒன்று. வதந்திகளை நம்ப வேண்டாம்.

ஆனால் தாங்கள் நம்பிவிட்டீர்கள். உம்மா போனுக்கு வந்த தங்கள் குரலை நான் மூன்று தடவை கேட்டேன். "ஓடிப்போன பயலுக்குப் பட்டறை எதுக்கு? திங்கக்கெழமையிலேர்ந்து போலகம் பாத்திரக் கடைல டப்பா அடுக்கட்டும். மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்லு, அப்பறம் பாக்கலாம்." மாமா, எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஆனால் இது மன்னிப்புக் கடிதம் அல்ல. ஓடாதவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? ஒரே ஒரு சொல்லை எல்லாரும் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்த வினை இது. தமிழில் நான் எடுத்த மார்க்கைச் சொல்லிச் சிரிப்பீர்களே, அந்த நானே இப்போது உங்களுக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பட்டறை பக்கம் தாங்கள் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாசிக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த மெஷினின் சங்கதியே வேறு. பழைய வெல்டிங்கில் ராடு உருக உருகக் கையைத் தாழ்த்திக்கொண்டே போக வேண்டும். இதில் அந்தப் பாடு கிடையாது. சுருளில் இருக்கும் கம்பியை இரண்டு குட்டி ரோலர்கள் கவ்விப் பிடித்து, கேபிளுக்குள் தள்ளி, டார்ச்சு முனை வழியாகப் பிள்ளைக்கு இடியாப்பம் ஊட்டுவது போல ஊட்டிக்கொண்டே இருக்கும். கம்பி வேகத்துக்கு ஒரு திருகு, வோல்டேஜுக்கு ஒரு திருகு. வேகம் கூடினால் கம்பி இரும்பில் முட்டிக் கையை உதறும். குறைந்தால் முனையிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். முனையிலிருந்து கம்பி எவ்வளவு வெளியே எட்டிப் பார்க்கிறதோ, அதற்கு நம் பட்டறையில் 'நீட்டு' என்று பெயர். "அரை விரல் நீட்டுடா", "ரொம்ப நீட்டாத" என்று சிவக்குமார் அண்ணன் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். ஆகவே மாமா, ஊரில் மற்றவர்கள் கம்பி நீட்டினால் ஆளைக் காணோம் என்று பொருள். நாங்கள் கம்பி நீட்டினால் வேலை நடக்கிறது என்று பொருள். இந்த வித்தியாசம்தான் என் வழக்கு.

நடந்தது இதுதான். திருவேட்டக்குடி அன்னபூரணி அக்கா கரையிலிருந்து ஐஸ் பெட்டி இழுக்கத் தள்ளுவண்டி ஒன்று சொல்லியிருந்தார், வாங்காமல் போவதில்லை என்று நேரிலேயே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்தும் விட்டார், சிவக்குமார் அண்ணன் டீக்கடையிலிருந்து வந்தார், முகமூடியை இறக்கினார், டார்ச்சு சுவிட்சை அமுக்கினார், கைப்பிடிக் குழாயில் நாலு விரல் நீளத்துக்குப் பற்று வைத்தார், விரலை எடுத்தார். விரலை எடுத்தால் கம்பி நிற்க வேண்டும். நிற்கவில்லை. "டேய், என்னாடா இது, வுட்டாலும் வருது!" என்று டார்ச்சைத் தூக்கினார், தீ நின்றது, கம்பி நிற்கவில்லை, பெட்டியிலிருந்து பாம்பு வருவது மாதிரி வந்துகொண்டே இருந்தது, அண்ணன் உதற, அது வளைந்து வண்டியைத் தொட்டுப் பொறி பறக்க, லுங்கியில் ஓட்டை விழ, "அய்யய்யோ, தோலோட போச்சா சிவா?" என்று அக்கா கேட்க, "துணியோட போச்சுக்கா" என்று அண்ணன் சொல்ல, அதற்குள் கம்பி உருகி டார்ச்சு முனையை அடைத்துக்கொண்டது. முன்னால் வழி அடைத்துவிட்டது என்று பின்னால் இருக்கும் ரோலருக்கு யார் போன் போட்டுச் சொல்வது? அது பாட்டுக்குத் தள்ளியது. போக்கிடம் இல்லாத கம்பி மெஷின் வயிற்றுக்குள்ளேயே சுருண்டு சுருண்டு, மூடியைத் திறந்தால் அசல் காக்கா கூடு. முட்டை ஒன்றுதான் குறை. அப்போது புலி போலப் பாய்ந்து மெயினை அணைத்தது யார்? தங்கள் மருமகன்.

சுவிட்சை விட்டும் கம்பி ஏன் வந்தது என்று கேட்பீர்கள். அண்ணன் போட்டிருந்த தோல் கையுறை அவ்வளவு தடிமன். விட்டதாக அவர் நினைத்தார். விரல் அப்படி நினைக்கவில்லை. பெரியவரைக் குறை சொல்லக் கூடாது என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனிமேல்தான் சொல் விளையாடுகிறது. சத்தம் கேட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சர் கடையிலிருந்து நாகூர் மீரான் சாச்சா தலையை நீட்டி, "என்னா சிவா அமர்க்களம்?" என்றார். அண்ணன், "கம்பி நீட்டிட்டான் பாய்! இஃபாத்து கம்பி நீட்டிட்டான்!" என்றார். அண்ணன் சொன்னது என்ன? பையன் டார்ச்சில் நீட்டைக் கூட்டி வைத்துவிட்டான் என்பது. தொழில் பேச்சு. சாச்சா பஞ்சர் ஒட்டுகிறவர், அவருக்கு எப்படித் தெரியும்? நூற்று நாற்பத்து மூன்று பேர் இருக்கும் குடும்ப குரூப்பில், "மச்சான், ஒங்க மருமவன் கம்பி நீட்டிட்டான், புள்ளைய எங்கயாச்சும் பாத்தா புடிச்சு வைங்க" என்று குரல் பதிவு போட்டுவிட்டார். அதைத் துபாயில் கேட்டார்கள், சிங்கப்பூரில் கேட்டார்கள், பாரீஸில் இருக்கும் சின்ன மாமி அழும் பொம்மை போட்டார்.

உம்மா பாவம், செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, கும்பகோணம் பஸ்ஸில் ஏறித் தேடி, அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போய் எர்ணாகுளம் வண்டியில் பெட்டி பெட்டியாகத் தேடி, கடைசியில் ஒரு சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரிடம் போய் நின்றிருக்கிறார்.

"எத்தினி வயசும்மா?"

"பதினேழுங்க."

"அடையாளம்?"

"வாயிதாங்க."

"வாயில மச்சமா?"

"இல்லீங்க. வாய் மூடாது."

கம்பி நீட்டியதாகச் சொல்லப்பட்டவனைக் கம்பி எண்ண வைக்கிறவர்களிடமே போய்க் கேட்ட ஒரே தாய் என் தாய்தான்.

அப்போது நான் எங்கே இருந்தேன்? பட்டறையிலேயே இருந்தேன், மாமா. தலை மெஷினுக்குள், கால் வெளியே. காக்கா கூட்டைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தேன், அடைத்த முனையைக் கழற்றிப் புதிதாகப் போட்டேன், ரோலர் பிடிமானத்தை ரொம்ப இறுக்காமல், ரொம்பத் தளர்த்தாமல் வைத்தேன், கம்பியை மரக்கட்டையில் முட்டவிட்டுச் சோதித்தேன். போன் சார்ஜில் கிடந்தது, அதனால்தான் எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் வண்டி முடிந்தது. அன்னபூரணி அக்கா பற்று வைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? "எங்க கொடுவா மீனுக்குக்கூட இவ்ளோ வரிசையா செதில் இல்ல." இப்படிப்பட்ட கையை எடுத்துக்கொண்டு போய் எவர்சில்வர் டப்பா அடுக்கச் சொல்கிறீர்கள். டப்பா தானாக அடுக்கிக்கொள்ளும் மாமா. கம்பிக்குத்தான் ஆள் வேண்டும்.

எனவே மன்னிப்பு கிடையாது. மாறாக, என்னை அன்பிளாக் செய்ய வேண்டும். குரூப்பில் நீங்களே வந்து, கம்பி நீட்டியது மெஷின்தான், இஃபாத் அல்ல என்று நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் அறிவிக்க வேண்டும். சின்ன மாமி அந்தப் பொம்மையை அழிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை நான் பட்டறையில்தான் இருப்பேன். போலகம் போகிற பஸ்ஸில் என்னைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும், அதற்கும் நீங்களேதான் ஷார்ஜாவிலிருந்து வர வேண்டும்.

மாமிக்கும் நௌஷின் குட்டிக்கும் என் சலாம். தாங்கள் நீண்ட ஆயுளோடும் நீளாத கோபத்தோடும் வாழ ரப்பிடம் துஆ கேட்கும்,

தலை குனியாத மருமகன்,
இஃபாத்

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது சிவக்குமார் அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, அந்த மெஷினு சரியில்லடா. சுவிட்சு கெட்டுப் போச்சு, ஆளக் கொன்னுடும். மாமாட்ட சொல்லித் திருப்பி அனுப்பிடுவோம், பழைய ராடே போதும்" என்கிறார். இன்று ராத்திரி உங்களிடம் பேசுவாராம். இந்தக் கடிதம் வருவதற்குள் அவர் என்ன சொல்லியிருந்தாலும், தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள் மாமா. மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதன் முகப்பில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. மேலே தள்ளியிருந்தால், விரல் அமுக்கியிருக்கும்வரைதான் கம்பி வரும். கீழே தள்ளிவிட்டால், ஒரு தடவை அமுக்கி விரலை எடுத்தாலும் வந்துகொண்டே இருக்கும், மறுபடி அமுக்கினால்தான் நிற்கும். நீளப் பற்று வைக்கிறவர்களுக்கு விரல் வலிக்கக் கூடாது என்று வைத்த வசதி. அண்ணன் டீக்குப் போன நேரத்தில் அதைக் கீழே தள்ளியது நான். சும்மா, அவர் முகத்தைப் பார்க்கத்தான். முகமூடி போட்டிருந்ததால் அதுவும் தெரியவில்லை.

பொறி பறந்ததும் நான் புலி போலப் பாய்ந்தது நிஜம். வாசல் பக்கம். மெயினை அணைத்தது அன்னபூரணி அக்கா. மினி பஸ் பிடித்துத் திருவேட்டக்குடி போய், கரையில் ஏற்றி வைத்திருந்த இரண்டு படகுகளுக்கு நடுவில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். மீரான் சாச்சாவுக்குத் தமிழ் நன்றாகவே தெரிகிறது. கூட்டை வெட்டி, முனை மாற்றி, அந்தச் சுவிட்ச் இருப்பதே தெரியாமல், ஒவ்வொரு பற்றுக்கும் மெயினைப் போட்டுப் போட்டு அணைத்து வண்டியை முடித்தது சிவக்குமார் அண்ணன். செதில் அவர் கைச் செதில். டெம்போவில் வந்து இறங்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அக்கா என்னைப் படகுக்கு நடுவில் பார்த்துவிட்டு, "ஏ தம்பி, வண்டியே வந்துருச்சு, நீ எப்ப வூட்டுக்குப் போவ?" என்றார். காதைப் பிடித்துப் பஸ் ஏற்றிவிட்டதும் அவர்தான்.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்திருப்பேன். ஷார்ஜா கிளம்பும் ஜெகபர் அலி நானா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, "தம்பி, தர்றியா, நான் போவட்டுமா?" என்கிறார், திரும்ப எழுத நேரமில்லை. நான் டப்பா அடுக்குகிறேன். மெஷின் இருக்கட்டும். அண்ணனிடம் மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள், நானே சொல்கிறேன். நாளைக் காலை. அவர் டீ குடித்த பிறகு. இரண்டாவது டீ.