நூறு வீத மயக்கம்

1986ஆம் ஆண்டு மாசி மாதம், மாணவர்களுக்குப் பௌதிகவியலிலும் கணிதத்திலும் கருத்து மயக்கங்கள் இருப்பதாகக் கல்விக் கந்தோர் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு, அவற்றை ஆடி மாத முடிவுக்குள் ஒழித்துவிடுவது என்றும் தீர்மானித்தது. இதற்கென ஒரு சுற்றுநிருபம் தட்டச்சு செய்யப்பட்டுத் தீவுப்பகுதிப் பாடசாலைகள் அனைத்துக்கும் பஸ்ஸிலும் வள்ளத்திலும் போய்ச் சேர்ந்தது. 'தங்கள் பாடசாலையில் தற்போதுள்ள கருத்து மயக்கங்களின் மொத்த எண்ணிக்கையை, இணைக்கப்பட்டுள்ள படிவத்தில், இரட்டைப் பிரதியில், தாமதமின்றி அறியத்தரவும்.'

சரவணைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஞானசவுந்தரி ரீச்சர் உயர்தர வகுப்புக்கு இந்த இரண்டு பாடங்களையும் படிப்பித்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான வகுப்புக் கிடைத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வகுப்பில் ஒன்பது பேர். ஆறு பேர் பெண் பிள்ளைகள். பண்ணைப் பாலத்தால் காலையில் ரவுணுக்குப் போன பஸ் பின்னேரம் திரும்பி வரும் என்று ஒருவரும் உறுதி சொல்லாத யுத்த காலம் அது. வகுப்பு இங்கே இருந்தபடியால்தான் அந்த ஆறு பேரும் படித்தார்கள். இல்லையென்றால் வீட்டில் இருந்திருப்பார்கள்.

ரீச்சரிடம் ஒரு குறை இருந்தது. படிவத்தில் ஏதாவது கேட்டிருந்தால் அதற்குரிய விடையை எழுதுவார். ஆகவே மூன்று நாள் பிள்ளைகளோடு இருந்து மயக்கங்களை எண்ணினார்.

"ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பொருளிலை ஒரு விசையும் தாக்காட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

நாரந்தனைக் கரையிலிருந்து சைக்கிளில் வருகிற மேரிறோஸ் எழும்பினாள். தகப்பன் கடற்றொழிலாளி. "நிண்டிடும் ரீச்சர்."

"நிக்காது. அப்பிடியே ஓடிக்கொண்டிருக்கும்."

"எந்தக் கடலிலை ரீச்சர்? அப்பாவின்ரை வள்ளத்திலை மெசின் நிண்டால் கொஞ்சத் தூரத்திலை வள்ளமும் நிக்குது."

"தண்ணி மறிக்கிறபடியால் நிக்குது. தண்ணியும் காத்தும் இல்லையெண்டால் நிக்காது."

"தண்ணி இல்லையெண்டால் வள்ளம் என்னத்துக்கு ரீச்சர்?"

ரீச்சர் அதை ஏழாவது மயக்கமாகக் குறித்தார். மேரிறோஸ் இருந்தபடி யோசித்தாள். பாடம் முடிகிற நேரம், "அப்ப நிப்பாட்டத்தான் விசை வேணும், ஓடுறதுக்கு வேண்டாம்" என்று மெல்லச் சொன்னாள். ரீச்சருக்கு அன்றைக்குச் சாப்பிட்ட சோறு ருசித்தது. ஆனால் நீங்கிய மயக்கத்தை எழுதப் படிவத்தில் இடம் விட்டிருக்கவில்லை.

எல்லாமாக நாற்பத்திமூன்று வந்தது. அதில் இரண்டு ரீச்சருடையவை. எண்ணும்போதுதான் அவருக்கே தெரியவந்தன. அதை அதிபர் தியாகலிங்கத்துக்கு அவர் சொல்லவில்லை.

அதிபர் படிவத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"மற்றப் பள்ளிக்கூடங்கள் என்ன எழுதினவை எண்டு விசாரிச்சனான் ரீச்சர். எல்லாரும் 'இல்லை' எண்டுதான் எழுதியிருக்கினம்."

"இருக்குது சேர். எண்ணிப் பார்த்தனான்."

"இருக்கிறது எனக்கும் தெரியும். எண்ணச் சொல்லித்தான் கேட்டவை, இருக்கெண்டு சொல்லச் சொல்லியா கேட்டவை?"

என்றாலும் நல்ல மனிதர். கையெழுத்து வைத்தார்.

பதில் இரண்டு கிழமையில் வந்தது. தீவுப்பகுதியின் முப்பது பாடசாலைகளில் இருபத்தெட்டு 'இல்லை' என அறிவித்திருந்தன. வள்ளத்தில் போய்ச் சேரவேண்டிய பாடசாலை ஒன்று, 'கருத்து மயக்கங்கள் எமக்கு இதுவரை வந்து சேரவில்லை. கிடைத்ததும் மாணவரிடையே விநியோகிக்கப்படும்' என்று எழுதியிருந்தது. ஆகத் தீவுப்பகுதியின் மொத்த மயக்கம் நாற்பத்திமூன்று. அந்த நாற்பத்திமூன்றும் ஒரே பாடசாலையில். 'இது நூறு வீதமாகும்' என்று கடிதம் முடிந்திருந்தது. 'நூறு' என்பதன் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தது.

கடிதத்தின் பிரதி ஒன்று, எந்த எழுதுவினைஞரின் முன்யோசனையாலோ, சுகாதாரக் கந்தோருக்கும் போயிருந்தது. அதில் இடம் போதாமல் 'கருத்து' என்ற சொல்லை விட்டு 'மயக்கம் – 43' என்று மட்டும் அடித்திருந்தார்கள். மூன்றாம் நாள் அப்போதிக்கரி பஸ்ரியாம்பிள்ளை ஒரு பெட்டி குளுக்கோசோடு வந்து இறங்கினார். பிள்ளைகளை வரிசையாக நிற்பாட்டிக் கண்மடலை இழுத்துப் பார்த்தார்.

"எப்ப இருந்து பிள்ளை மயக்கம்?"

"பத்தாம் வகுப்பிலையிருந்து," என்றாள் மேரிறோஸ்.

"எப்பிடி வரும்?"

"எறிஞ்ச கல்லுக்குள்ளை கையின்ரை விசை மிச்சம் இருக்குதெண்டு நினைப்பு வரும்."

அப்போதிக்கரி கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டார். "இரும்புக் குளிசை தாறன். சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு." ரீச்சருக்கும் நாலு குளிசை கொடுத்தார்.

அன்று பின்னேரமே ஊர் முழுக்கக் கதை பரவியது. விஞ்ஞானம் படிக்கிற பெட்டைகளுக்கு நூறு வீதம் மயக்கமாம். அடுத்த நாள் இரண்டு தாய்மார் வந்து, பிள்ளைகளைப் படிப்பிலிருந்து நிற்பாட்டப்போவதாகச் சொன்னார்கள். மயக்கக்காரியென்று பெயர் வந்தால் நாளைக்கு ஆர் கட்டுவான்? ரீச்சர் இரண்டு மணித்தியாலம் அவர்களோடு கதைத்தார். கடைசியில் அவர்களைச் சமாதானப்படுத்தியது பௌதிகவியல் அல்ல, இரும்புக் குளிசைதான்.

பங்குனி முதற்கிழமை, கருத்து மயக்கம் இனங்காணல், குறைத்தல், ஒழித்தல் ஆகியவற்றுக்கான இணைப்பதிகாரி திரு. மார்க்கண்டு நேரில் எழுந்தருளினார். கையில் கந்தோர் வெளியிட்ட விடைக் கையேடு இருந்தது. சந்தன நிற மட்டை.

"நாற்பத்திமூண்டு மயக்கம்," என்றார் ரீச்சரிடம். "மாதம் இருபது வீதம் குறைக்கிறீர். ஐயிருபது நூறு. ஆடி முடிய ஒண்டும் மிஞ்சாது."

"சேர், முதல் மாதம் இருபது வீதம் போனால் முப்பத்திநாலு மிச்சம். அடுத்த மாதம் அந்த முப்பத்திநாலிலைதான் இருபது வீதம். அப்பிடிப் பார்த்தால் ஆடி முடிய பதினாலு மிஞ்சும்."

"ஏன் மிஞ்சுது?"

"கணக்கு அப்பிடித்தான் சேர்."

"அப்ப எப்ப முழுக்க முடியும்?"

"அந்த மாதிரிக் குறைச்சால் ஒருநாளும் முழுக்க முடியாது."

மார்க்கண்டு பேனையை மூடினார். "உமக்கு முடிக்கிற எண்ணம் இல்லையெண்டு விளங்குது."

பிறகு வகுப்புக்குள் போனார். கரும்பலகையடியில் கிடந்த ஒரு சோக்கை எடுத்து மேலே எறிந்து பிடித்தார். "இது உச்சியிலை ஒரு கணம் நிக்குது. அந்த நேரம் இதிலை தாக்கிற விசை என்ன? நீர் சொல்லும்."

"அதின்ரை நிறை சேர். கீழ்நோக்கி," என்றாள் மேரிறோஸ்.

கையேட்டைப் புரட்டினார். "'உச்சியில் விசை இல்லை, ஆகையால்தான் நிற்கிறது.' பக்கம் ஒன்பது."

"விசை இல்லையெண்டால் அங்கேயே நிண்டிருக்கவேணுமே சேர். ஏன் விழுகுது?"

மார்க்கண்டு சோக்கை எறிந்தார். விழுந்தது. இன்னொருக்கால் எறிந்தார். விழுந்து இரண்டாக உடைந்தது. "சோக்கு விழுகிறது வேறை விஷயம்," என்றார். "நான் கேட்டது கையேட்டிலை உள்ளதை." நாற்பத்திமூன்றை வெட்டி நாற்பத்திநாலு என்று எழுதினார்.

கணிதத்திலும் அப்படித்தான். இரண்டு கணியங்களைக் கூட்டி வர்க்கிக்கும்போது நடுவில் வருகிற உறுப்பு கையேட்டில் அச்சுப்பிழையால் விடுபட்டிருந்தது. பிள்ளைகள் அதையும் சேர்த்து எழுதினார்கள். 'மேலதிகமாக எழுதுகின்றனர்' என்று குறிக்கப்பட்டது. ரீச்சர் ஒரு வருஷமாகக் கஷ்டப்பட்டு நீக்கிய ஒவ்வொன்றும் அன்றைக்குப் புதிதாகப் பதியப்பட்டது. பாடம் முடியும்போது மயக்கம் அறுபத்தொன்று.

"ஆடியிலை திரும்ப வருவன். ஒண்டும் இருக்கப்படாது," என்றார் மார்க்கண்டு. "இருந்தால் இந்த வகுப்பை ரவுணிலை ஒரு பாடசாலையோடை இணைக்கச் சிபாரிசு செய்யவேண்டி வரும்."

அவர் போன பிறகு ரீச்சர் கதிரையில் இருந்தார். எப்போதும் நின்றுதான் படிப்பிப்பார். ஒன்பது பேருக்கும் உள்ளதைச் சொன்னார்.

"என்னை ரவுணுக்கு விடாயினம்," என்றாள் மனோகரி. அவளுடைய தாயும் பிள்ளையை நிற்பாட்ட வந்தவர்களில் ஒருத்தி. மற்றப் பெண் பிள்ளைகளின் வீடுகளிலும் கதை அதுதான்.

"கொப்பியிலை நடுவாலை ஒரு கோடு அடிப்பம் ரீச்சர்," என்றாள் மேரிறோஸ். "இடப்பக்கம் கந்தோர் விடை. வலப்பக்கம் சோதினை விடை. ரெண்டையும் பாடமாக்கிறம்."

"அது பொய்யெல்லே பிள்ளை."

"வீட்டிலை ஒண்டு, றோட்டிலை ஒண்டு கதைச்சுப் பழகின ஆக்கள்தானே நாங்கள். இது பௌதிகத்திலை மட்டும்தானே."

ரீச்சர் எழும்பிப் போய்க் கரும்பலகையின் நடுவில் கோடு அடித்தார். கோடு கொஞ்சம் வளைந்துதான் வந்தது.

அதன் பிறகு நாளுக்கு ஒரு பாடம் பிழைக்கென்று ஒதுக்கப்பட்டது. பிழையைப் படிப்பிப்பது சரியைப் படிப்பிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. சரி விளங்கியவர்களுக்குப் பிழை வாயில் நிற்பதில்லை. ஒருநாள் மனோகரி உச்சியில் விசை உண்டு என்று சொல்லிவிட்டாள். ரீச்சருக்குக் கோபம் வந்தது. "மனோகரி, இது சரியான விடை. கவனமாயிரும்." சொல்லிவிட்டுத் தான் சொன்னது காதில் விழ, வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

ஆடி மாதம் மார்க்கண்டு வந்தார். ஒன்பது பேரும் ஒன்பதாம் பக்கத்தைத் தடங்கலின்றிச் சொன்னார்கள். கையேட்டில் உள்ளபடி பாரமான கல் முதல் விழுந்தது. நடு உறுப்பு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மயக்கம்: பூச்சியம். அதிபர் வடையும் பிளேன்ரீயும் எடுப்பித்தார். 'மயக்கமற்ற வகுப்பு' என்ற சான்றிதழ் கண்ணாடி போட்டு வந்து, அவருடைய கதிரைக்கு மேலே மாட்டப்பட்டது.

ஆவணியில் அதே ஒன்பது பேரும் சோதினை எழுதினார்கள். வலப்பக்கத்தை எழுதினார்கள். ஏழு பேர் சித்தி. மேரிறோஸுக்குப் பௌதிகவியலில் 'ஏ' தரம். இதுவும் கையேட்டின் வெற்றியென்று கந்தோரின் ஆண்டறிக்கையில் சேர்க்கப்பட்டது.

அடுத்த வருஷ வகுப்புக்கு முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். புங்குடுதீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும்கூட வந்தார்கள். அனுமதி நாளன்று, எல்லாருக்கும் முதல் வந்து நின்றவர் மார்க்கண்டு. பக்கத்தில் மகள் இராசேஸ்வரி. மகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு வகுப்பறைக் கதவைச் சாத்தினார். போன வருஷத்து 'நீர்' அன்றைக்கு 'நீங்கள்' ஆகியிருந்தது.

"நீங்கள் இவளைப் பல்கலைக்கழகம் அனுப்பித் தரவேணும் ரீச்சர். சோதினை விடையைப் படிப்பியுங்கோ."

"கையேடு சேர்?"

"கையேடு பொதுவாப் பிள்ளையளுக்கு. இது என்ரை பிள்ளை."

ரீச்சர் ஓம் என்றார். அடுத்ததாக வந்த தகப்பனும் கதவைச் சாத்தினார். மற்றப் பிள்ளைகளுக்கு என்னத்தையும் படிப்பியுங்கோ, என்னுடையதுக்குச் சரியானதைப் படிப்பியுங்கோ என்றார். அவருக்கும் ஓம். மத்தியானத்துக்குள் அந்தக் கதவு முப்பத்திரண்டு தரம் சாத்தித் திறந்தது. வந்தவர்களில் எட்டுப் பேர் ஆசிரியர்கள்; தங்கள் பாடசாலையில் மயக்கம் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தவர்கள்.

முதல் நாள் பாடத்தில் ரீச்சர் கரும்பலகையின் நடுவில் கோடு அடித்தார். இப்போது கோடு நேராக வந்தது. இரண்டு பக்கமும் எழுதினார். முப்பத்திரண்டு பேரும் பார்த்து எழுதினார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி இல்லாத வகுப்பு எவ்வளவு சுகம் என்று ரீச்சருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது இராசேஸ்வரி எழும்பினாள்.

"ரீச்சர், ரெண்டிலை எது உண்மை?"

ஞானசவுந்தரி ரீச்சர் முதலில் வாசலைப் பார்த்தார். ஒருவரும் இல்லை. வாசலைப் பார்த்ததை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. அதை மறைக்கப் பகிடியாக, "அதை உம்மடை அப்பாவைக் கேட்டுத்தான் சொல்லவேணும்," என்றார். சொல்லிவிட்டு, பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு தலையும் குனிந்து அதையும் கொப்பியில் எழுதத் தொடங்கின. கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை மட்டும் கையை உயர்த்தியது.

"ரீச்சர், இதை எந்தப் பக்கம் எழுதிறது?"