முனியாண்டிக்கு நான் எடுத்த பாடம்

அரைகுறைப் படிப்பை வீட்டோடு வைத்துக்கொள்வது நல்லது. வெளியே அவிழ்த்துவிட்டால் அது சாமி சந்நிதி வரைக்கும் போய் மானத்தை வாங்கும். என்னுடையது வாங்கியது.

மலாயாவில் கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க அவசரகாலம் போட்டிருந்த நேரம். பெம்பான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம், முள்வேலிக்குள் குடியிருப்பு. மலாக்கா டவுனில் படித்துவிட்டுத் தோட்டத்துப் பள்ளிக்கு டீச்சராக வந்திருந்தேன். (வயது இருபது. வாய் மட்டும் அறுபது.)

பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவின் கணவர் மாரிமுத்து அண்ணன் தோட்டத்து லாரி ஓட்டுபவர். காட்டில் ஒளிந்திருந்தவர்கள் ஒருநாள் லாரியைச் சுட்டார்கள். கண்ணாடி நொறுங்கியது, அண்ணன் தப்பினார். அக்கா முனியாண்டிக்கு ஒரு கருஞ்சேவல் நேர்ந்துகொண்டார்.

"நேர்த்திக்கடன் தீராம லாரியில ஏறுனீங்க, நடக்கிறதே வேற!"

அண்ணன் புல்வெட்டப் போனார். முனியாண்டி திருவிழா முடிந்தும் ஏறாவிட்டால் லாரி வேறு ஆளுக்கு என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

கருஞ்சேவல் தேடிக் கம்பம் கம்பமாக (மலாய்க் கிராமங்கள்தான்) அலைய முடியாத காலம். கேட்டில் சோதனை, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. அக்காவிடம் இருந்தவையெல்லாம் கருப்புப் பெட்டைக்கும் வெள்ளைச் சேவலுக்கும் பிறந்த கோழிகள். உடம்பு முழுக்கக் கருப்பு இறகும் வெள்ளை இறகும் கலந்து புள்ளி புள்ளியாக இருக்கும். தாய்க்கோழியை மரநாய் தின்றுவிட்டது.

சும்மா இருந்தேனா நான்?

"அக்கா, இதுல கருப்பும் தோக்கல, வெள்ளையும் தோக்கல. ரெண்டும் உள்ள இருக்கு, ரெண்டும் வெளிய தெரியுது. புள்ளிச் சேவலையும் புள்ளிப் பெட்டையையும் சேர்த்து விடுங்க. நாலுல ஒண்ணு, தாய்கிட்டயும் கருப்பு, தகப்பன்கிட்டயும் கருப்பு வாங்கிக்கிட்டுப் பொறக்கும். சுத்தக் கருப்பு!"

"நெசமாவா டீச்சர்?"

"புத்தகத்துல இருக்குலா!"

குஞ்சு பொரித்தது. புள்ளிகள் நிறைய, வெள்ளை ஒன்றிரண்டு, கருப்பு மூன்று! தோட்டமே வந்து பார்த்தது. நானே அடைகாத்தவள்போல நடுவில் நின்றேன்.

மாதங்கள் போயின. மூன்றில் ஒன்றுக்கும் கொண்டை எழும்பவில்லை.

"டீச்சர், மூணும் பெட்டை மாதிரி தெரியுதே."

"சில ஜாதிக்குக் கொண்டை மெதுவாத்தான் வரும்க்கா." (பிறந்ததிலிருந்து கோழி வளர்ப்பவரிடம் நான் சொன்னது இது.)

திருவிழா வாரத்தில் ஒரு 'சேவல்' முட்டையிட்டது. மறுநாள் மற்ற இரண்டும். நிறத்துக்குக் கணக்குப் போட்ட மேதாவி, சேவலா பெட்டையா என்பதை நினைத்தே பார்க்கவில்லை. அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை, அழுதார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

திருவிழாவில் பூசாரிக்கு அருள் வந்தது. "எங்கடி என் சேவல்?"

அக்கா என்னைக் கைகாட்டினார்.

"சாமி... நாலுல ஒண்ணு கருப்பு வரும்னு சொன்னேன். அது சரியாத்தான் வந்துச்சு சாமி! ஆனா... அதுலயும் பெட்டை இருக்கும்னு..."

ஊர் முழுக்கக் கேட்க முனியாண்டிக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சாமியின் மீசை துடித்தது. கோபம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். குபீரென்று சிரிப்புச் சத்தம். சாமிதான் சிரித்தது! வாயிலிருந்த சுருட்டு தரையில் கிடந்தது.

"போடி! அடுத்த வருசம் நீ கொண்டாந்து கட்டு சேவலை. அவனை லாரியில ஏறச் சொல்லு!"

மறுநாள் காலை லாரி ஹார்ன் கேட்டதும் ஓவென்று அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

சில வருடம் கழித்து எனக்குத் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கணவர் தவித்துக்கொண்டு நின்றாராம்.

"என்ன பிள்ளைன்னு டீச்சர் ஏதாச்சும் சொன்னாங்களா தம்பி?" என்று அக்கா கேட்டிருக்கிறார். அதற்கு மாரிமுத்து அண்ணன் சொன்னதை என் கணவர் இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்:

"அவங்க சொல்றதை ஏன் புள்ள கேக்குற? அவங்களுக்கு நிறம் மட்டும்தானே தெரியும்!"