டவுட்டு அடித்த ஹாரன்

கடவுளே நேரில் வந்து நின்றாலும் ஆதார் கார்டைக் கேட்கிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் பள்ளி வேன் டிரைவர். கடலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து நான் தமிழ் நடத்துகிற அந்தச் சிதம்பரம் பள்ளியில், ஆயா முதல் கரஸ்பாண்டன்ட் வரை எல்லோருக்கும் அவர் ‘டவுட்டு’தான்.

பண்ருட்டிப் பலாப்பழத்தைக் கண்ணெதிரே அறுத்துக் கொடுத்தாலும், இதே பழத்துச் சுளைதானா என்று கேட்பார். ஆயுத பூஜைக்கு அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். மேடையிலேயே திருப்பிப் பார்த்து, போன மாசம் சீஃப் கெஸ்ட்டுக்குப் போட்டதுதானே என்றார். கரஸ்பாண்டன்ட் இருமிக்கொண்டார்.

பிள்ளைகள் வேண்டுமென்றே லேட் பண்ணுகிறார்கள் என்றும் ஒரு சந்தேகம். அதனால் சாயங்காலம் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். அடித்துவிட்டால் வண்டி யாருக்காகவும் நிற்காது. அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் போட்டது போட்டபடி ஓடுவார்கள்.

இந்த வருஷம் பள்ளியில் பல மாநிலக் கலைவிழா. அடிக்கிற வெயிலில் காஷ்மீர் பிள்ளைகள் கம்பளிக்குள் வெந்தார்கள். காட்டுமன்னார்கோயில் பையன்கள் பஞ்சாபிகளாகக் குதித்த குதியில் ஒருவன் தாடி இன்னொருவன் தோளுக்குப் போய்விட்டது. நான் கைதட்டி மாய்ந்தேன். பக்கத்தில் டவுட்டு சிரிக்கவே இல்லை.

காரணம் இருந்தது. அவர் மகள் யாழினி நாலாம் வகுப்பு. போன வருஷம் டான்ஸ் என்று சொல்லி, டிரெஸ்ஸுக்கு அளவும் எடுத்துவிட்டு, கடைசியில் அட்டைத் தென்னைமரத்தைக் கையில் கொடுத்துப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். முன்னால் ஆடியது ஒரு டீச்சர் மகள். பிள்ளை அன்று சாப்பிடாமல் படுத்ததைச் சொல்லும்போது இந்த மனுஷன் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தத் தடவை யாழினிக்கு ராஜஸ்தான் நடனம், அதுவும் நடுவில். ரிகர்சல் முடிந்து ஒன்றாக வீட்டுக்குப் போகட்டும் என்று விழாவில் ஆடுகிற எல்லோரையும் டவுட்டு வேனில் வருகிற பிள்ளைகளிலிருந்தே எடுத்திருந்தார்கள். பாட்டு தொடங்கியது. வந்த அத்தனை பேருக்கும் முக்காடு, ஒருத்தி முகமும் தெரியவில்லை.

“மொகத்த எதுக்கு சார் மூடுறாங்க?” என்றார் டவுட்டு. அவர்கள் ஊர் வழக்கம் என்றேன்.

“நடுவுல நிக்கிறது எம்பொண்ணு இல்ல சார். ஆள மாத்திட்டாங்க. இருங்க, ஹாரன் அடிக்கிறேன். எம்பொண்ணா இருந்தா திரும்பிப் பாக்கும்.”

நான் எழுந்திருப்பதற்குள் ஆள் கேட்டைத் தாண்டிவிட்டார். ஹாரன் அலறியது.

ராஜஸ்தான் பானையைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்தது. பின்னாலேயே பாதித் தாடியோடு பஞ்சாப். காஷ்மீர் ஸ்கூல் பேக்கைத் தேடிக்கொண்டு ஓடியது. பாரத தேசமே ஜன்னலோர சீட்டுக்கு முட்டிமோதியது. மேடை நடுவில் முக்காட்டோடு ஒருத்தி மட்டும் நிறுத்தாமல் ஆடிக்கொண்டிருந்தாள்.

டவுட்டு மூச்சு வாங்க ஓடிவந்தார். வேன் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள், இது திரும்பக்கூட இல்லை, அப்படியானால் வேறு பெண்தானே என்றார். முகம் செத்துவிட்டது.

பாட்டு முடிந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவள் முக்காட்டை விலக்கினாள். யாழினிதான்.

டவுட்டு மேடைக்கு ஓடினார், பின்னால் நானும். ஹாரன் கேட்கவில்லையா, ஏன் ஓடிவரவில்லை என்று மகளைக் கேட்டார்.

“கேட்டுச்சே,” என்றாள் சலங்கையை அவிழ்த்தபடி. “நீ என்ன உட்டுட்டாப்பா போயிடப்போற?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, “எம்பொண்ணுதானா சார் இது?” என்றார்.

சாட்சாத் உங்கள் பெண்தான் என்று சொல்லி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். விட்டதும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பார்க்கட்டுமே, எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும்.